கால் இறங்கும் இடம்

"தள்ளு. இன்னும் தள்ளி நில்லு. நான் எறங்குற எடத்துல உன் கால் இருந்தா நான் எங்க எறங்குறது, உன் தலையிலயா?"

"எங்க ரூல்ல இது தப்பே இல்ல அண்ணி."

"இது உங்க கிடங்கு இல்ல. என் வீட்டுப் பின்பக்கம்."

"உங்க வீடா? நான் பொறந்து வளந்த வீடு இது. நீங்க நேத்து வந்தவங்க."

"வந்தவளுக்குத்தான் சட்டதிட்டம் எல்லாம் தெரிஞ்சிருக்கணும். பொறந்தவளுக்கு என்ன கவலை? தள்ளுடி."

அவள் தள்ளி நின்றாள். அண்ணி பந்தைத் தரையில் தட்டி, முழங்காலை மடக்கி, எழும்பி எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் சற்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. இரண்டு பேருமே பந்தைப் பார்க்கவில்லை. அண்ணியின் இடது முழங்காலைத்தான் பார்த்தார்கள். அது தரையைத் தொட்டது, மடங்கியது, நிமிர்ந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய்."

"வலி இல்லடி. பயம். அது வேற, இது வேற."

முழங்கால் மூட்டைப் பிடித்திருக்கும் லிகமென்ட் அறுந்து, அறுத்துத் தைத்து, கட்டுப் பிரித்து, பிள்ளை நடை பழகுவதுபோல் சுவரைப் பிடித்து நடந்து, இப்போதுதான் அண்ணி மறுபடி எழும்பி எறிகிறாள். கிளப்பில் பளிச்சென்று சொல்லிவிட்டார்கள். புது அணியின் பெயர்ப் பட்டியலை முடிவு செய்வதற்குமுன் ஒரு முழு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். ஆடினால் அவளுடைய சட்டை அவளுக்கு. இல்லையென்றால் அதே சட்டையைப் போட்டுக்கொள்ள வேறு பெண் காத்திருக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். சாப்பிடும்போது யாரும் இதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

தள்ளி நிற்கச் சொன்னதும் நின்றவள் நாத்தனார். கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். கிடங்குக்கென்று ஒரு கூடைப்பந்து அணி உண்டு. தொழிலாளர் லீக்கில் ஆடுகிறார்கள். அதில் இவளுக்குப் பெயர் சுவர். தடுப்பதற்கு இவள் நின்றால் எதிராளிக்கு வளையம் கண்ணிலேயே படாது. பந்து போடச் சொன்னால்தான் கை நடுங்கும். நாளடைவில் வீட்டிலும் சுவர் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

இருவரும் ஒரே பள்ளியில் ஒரே அணியில் ஆடியவர்கள். கிளப் தேர்வுக்கு ஒன்றாகத்தான் போனார்கள். ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தியைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்தவளைத் தேற்ற எடுபட்டவள் வீட்டுக்கு வந்தாள். அப்படி வந்தவளைத்தான் அண்ணன் பார்த்தான். கல்யாணத்தன்று காலைவரை 'வாடி, போடி' என்று கூப்பிட்டவளை, சாயங்காலத்திலிருந்து 'அண்ணி, நீங்க' என்று கூப்பிட வேண்டியதாயிற்று. "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிடும்" என்றாள் அம்மா. பழகிவிட்டது. எதுதான் பழகாது?

அம்மா பின்வாசலில் நின்று துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"ஒரே பந்து, ஒரே வளையம். இதுல உங்க ரூல் எங்க ரூல்னு என்னடி பாகப்பிரிவினை?"

"பாகப்பிரிவினையேதான் அத்தை" என்றாள் அண்ணி. "பள்ளிக்கூடத்துல ஆடும்போது ஆளுக்கு ஒரு ஆளப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். எல்லாரும் சேந்து வளையத்துக்கு முன்னாடி கும்பலா காவல் காத்தா விசில் அடிச்சிடுவாங்க. சின்னப் புள்ளைங்க ஓடிப் பழகணும்னு."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க லீக்" என்றாள் சுவர். "எப்படி வேணா நிக்கலாம். ஒரு கைய மடக்கி எதிராளி இடுப்புல வெச்சுக்கிட்டே கூட ஓடலாம். அவ எழும்புறதுக்கு முன்னாடி என் கால் எங்க இருக்கோ அந்த எடம் எனக்கு. அவ வந்து அதுமேல விழுந்தா அது அவ பாடு."

"எங்க கிளப் லீக்ல கை பட்டாலே தப்பு. எறியறவளுக்கு எழும்ப மட்டும் எடம் விட்டாப் போதாது, எறங்கவும் விடணும். அங்க கால நீட்டுனா ஆட்டத்த விட்டே அனுப்பிடுவாங்க."

அம்மா ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"அப்ப மேல போனவங்களுக்குத்தான் எறங்க எடம் குடுப்பாங்க. கீழ கெடக்குறவ விழுந்தா அவ பாடு. இதுக்கு எதுக்கு விசிலு? நான் வேல பாக்குற சலவைக் கடையிலயும் இதே ரூல்தான்."

சுவர் சிரித்தாள். அண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி எழும்பினாள்.

அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. எழும்பின இடத்திலேயே இறங்க மாட்டாள். ஓரடி முன்னால் வந்துதான் இறங்குவாள். பள்ளி நாளிலிருந்தே அப்படி. அந்த முன்சாய்வில்தான் பந்துக்கு வேகம் வருகிறது. கிளப் லீக்கில் அந்த ஓரடி அவளுக்குச் சொந்தம். பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையிலும் சுவர் அந்த ஓரடியை விட்டுத்தான் நின்றாள். சாயங்காலம் தவறாமல் விட்டாள். விட்டுப் பழகி, அப்படி ஒன்றை விடுகிறோம் என்பதே இருவருக்கும் மறந்துபோனது.

கிளப் மைதானத்தில் மரத்தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காட்டும் ஆட்டத்துக்கு இடம் வேண்டும், எதிர் அணியும் வேண்டும். சுவர் தன் மேலாளரிடம் கேட்டு, கிடங்கில் ஆட ஏற்பாடு செய்தாள். எதிர் அணி கிடங்கு அணியே. கிளப் கோச்சு ஒத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டனுப்பினார்: எந்த விதியில் ஆடுவது?

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன்தான் குதித்தான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எதையும் இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டான்.

"இதுல என்ன கேள்வி? நம்ம கிளப் ரூல்தான். வேற பேச்சே இல்ல."

"கிளப் ரூல்ல ஆடுனா மொதல் கால்வாசியிலயே இவங்க அஞ்சு பேரும் ஃபவுல் வாங்கிட்டு வெளிய ஒக்காந்துடுவாங்க" என்றாள் அண்ணி. "கை வெக்காம ஆட இவங்களுக்குத் தெரியாது."

"எங்கள வெச்சுக்கிட்டே பேசுங்க" என்றாள் சுவர்.

"உண்மைய சொன்னா ஒறைக்குதா? அப்புறம் கோச்சு எதப் பாத்து என்னை எடுப்பாரு? வெறும் வளையத்துல பந்து போட எதுக்கு நான், அத்தையே போடுவாங்க."

"என்ன எதுக்குடி இழுக்கிற?" என்றாள் அம்மா.

"கை வெப்பாங்க, இடுப்பப் பிடிப்பாங்க, தள்ளுவாங்க" என்றான் அண்ணன்.

"தள்ளட்டும். தள்ளுனாலும் நிப்பேன்னு அவரு பாக்கணும். அவங்க ரூல்லயே ஆடலாம்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? கேக்காமயா?"

"கால் என்னுது. ஒன்னக் கேக்கணுமா?"

அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான். கையைப் பற்றி அவ்வளவு பேசினார்களே, தடுப்பவள் காலை எங்கே வைப்பாள் என்பதைப் பற்றி அங்கே இருந்த ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கிடங்கில் ஆட்டக்களம் என்று தனியாகக் கட்டியது கிடையாது. சரக்கு இறக்கும் கூடங்களில் ஒன்றைக் காலி செய்து, இரண்டு முனையிலும் வளையம் மாட்டியிருந்தார்கள். தரையில் ஃபோர்க்லிஃப்ட் போவதற்கான மஞ்சள் கோடுகள். அவற்றின்மேல் ஆட்டத்துக்கான வெள்ளைக் கோடுகள். புதிதாக வருகிறவருக்கு எது வண்டிக்கு, எது ஆளுக்கு என்று பிரித்துப் பார்க்கவே சிறிது நேரமாகும். சுவருக்குக் குழப்பமில்லை. இரண்டு கோடுகளின்மேலும்தானே அவள் பிழைப்பு.

கிளப் கோச்சு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவும் அண்ணனும் அட்டைப் பெட்டி அடுக்குகளுக்கு முன்னால் நின்றார்கள். கிடங்கின் காவல் பிரிவில் வேலை பார்ப்பவர்தான் லீக்குக்கு நடுவர். அவர் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரு அணிகளையும் கூப்பிட்டார்.

"இங்க நம்ம ரூலு. வளையத்துக்கு அடியில தடுக்கறவங்க நிக்கக் கூடாத அரைவட்டம்லாம் கெடயாது. கை மடக்கி வெக்கலாம், நீட்டித் தள்ளக் கூடாது. மொதல்ல யார் நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் எடம். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் அண்ணி. கிளப் பெண்களில் ஒருத்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். அண்ணி அவள் தோளைத் தட்டிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணி ஓடினாள், திரும்பினாள், நின்றாள். அந்த முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டது. முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும். கோச்சு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். அதைப் பார்த்ததும் அண்ணன் அம்மாவின் கையைப் பிடித்தான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிப் பிடித்ததில்லை.

கிடங்கு அணியின் தலைவிக்கு எல்லோரும் வைத்த பெயர் பெரியக்கா. சிப்பம் கட்டும் பகுதியில் மேற்பார்வை. குரல் எப்போதும் உரக்கத்தான். இயந்திரச் சத்தத்தில் பேசிப் பழகியவள்.

"என்ன சுவரே, வீட்டு விருந்தாளிய பலமா கவனிக்கிற! உள்ள வாங்க, ஒக்காருங்க, பந்து போடுங்கன்னு. காபி குடுத்தியா?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னைக்குத்தான் தெரியுது, இது சுவரு இல்ல, கதவு!"

சுவர் பல்லைக் கடித்தாள். அண்ணி அருகில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்:

"அவ சொல்றது சரிதான்டி. விட்டுக் குடுக்குற. தள்ளித் தள்ளி நிக்கிற."

"அப்படித்தான பழகினோம்."

"அது பழக. அவரு பாத்துக்கிட்டு இருக்காரு. நாத்தனார் விட்டுக் குடுத்தா, அண்ணி எடுத்துக்கிட்டான்னு ஆயிடும். ஒழுங்கா ஆடு. என்னை ஆளா நெனச்சு ஆடு."

"அப்புறம் அழக் கூடாது."

"நீ அழாம இரு, போதும்."

இந்தப் பேச்சை வேறு யாரும் கேட்கவில்லை. பிறகு இதைச் சொன்னபோது நம்பவும் இல்லை.

அதற்கப்புறம் சுவர் சுவரானாள். மடக்கிய கை இடுப்பில் ஏறியது. அண்ணி இடது பக்கம் போனால் அங்கே சுவர். வலது பக்கம் போனால் அங்கேயும் சுவர். பந்து கை மாறியது. பெரியக்கா கைதட்டினாள். "இப்பப் பாரு, சிமெண்டு காஞ்சிருச்சு!" கோச்சு நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். அண்ணிக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் முகத்தில் ஒரு வெறி, ஒரு சந்தோஷம்கூட. பள்ளி நாளில் இருவரும் எதிரெதிராகப் பழகும்போது இருந்த முகம்.

இடைவேளைக்குச் சற்று முன்பு அண்ணி மஞ்சள் கோட்டின்மேல் பந்தோடு நின்றாள். எறிவதுபோல் தோளை ஆட்டினாள்; சுவர் ஏமாறவில்லை. முழங்கால் மடங்கியது. சுவருக்குத் தெரியும், அடுத்தது எழும்பல். எழும்பிய பின்னால் அவளைத் தடுக்க யாராலும் முடியாது. தடுப்பதென்றால் அதற்கு முன்னால். ஒரு கால் முன்னால் போனது. தொழிலாளர் லீக்கில் எத்தனையோ ஆட்டங்களில் போன கால், எத்தனையோ முறை பெரியக்கா முதுகில் தட்டிப் பாராட்டிய கால். அண்ணி எழும்பினாள். எப்போதும்போல் ஓரடி முன்னால் வந்தாள்.

அண்ணியின் பாதம் சுவரின் பாதத்தின்மேல் பாதியும் தரையில் பாதியுமாக இறங்கியது. முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. பந்து வளையத்துக்குள் விழுந்து, தரையில் தட்டித் தட்டி, பெட்டிகளுக்கு இடையில் உருண்டு போயிற்று.

அண்ணி கத்தவில்லை. கையைத் தரையில் ஊன்றி, "ஐயோ, அதே எடம்" என்றாள் மெதுவாக.

"ஏய்!" சுவர் குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். "ஏய், எந்திரிடி. எந்திரி. ஒண்ணும் ஆகலடி, எந்திரி!"

இத்தனை வருடம் கழித்து வாயில் வந்த அந்த 'டி'யை இருவருமே கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள்.

விசில் அடிக்கப்படவில்லை. கோச்சு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"விசிலு எங்கய்யா? கண்ணு அவிஞ்சு போச்சா? கால உள்ள வெச்சிருக்கா!"

"மொதல்லயே வெச்சுட்டாங்க சார்" என்றார் நடுவர். "அந்தம்மா எழும்புறதுக்கு முன்னாடியே கால் அங்க இருந்துச்சு."

"எங்க லீக்ல இதுக்கு ஆட்டத்தவிட்டே அனுப்புவாங்க!"

"உங்க லீக் இல்லீங்களே. கேட்டுட்டுத்தான ஆரம்பிச்சோம்" என்றார் விசிலை உள்ளங்கையில் பொத்தியபடி. "அந்தம்மாதான் சம்மதம்னாங்க."

அவர் கையைக் காட்டினார். தவறில்லை, பந்து செல்லும். பலகையில் அண்ணியின் கணக்கில் இரண்டு புள்ளி ஏற்றினார்கள்.

அதே லிகமென்ட் மறுபடியும் அறுந்திருந்தது. முன்பு தைத்த இடத்துக்குப் பக்கத்தில். மறுபடி அறுக்கலாம், நடக்கலாம், மாடிப்படி ஏறலாம் என்றார் டாக்டர். ஆட்டத்தைப் பற்றி அண்ணன் கேட்டதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் நடையைப் பற்றியே பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தங்கையைச் சமையலறை மூலையில் நிறுத்திக் கேட்டான்.

"ஒரே ஒரு கேள்வி. வேணும்னே வெச்சியா?"

"எங்க ரூல்ல அது..."

"ரூல கேக்கல. உன்னக் கேக்கறேன்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கே பாதி நெருப்பு அணைந்திருக்கும்.

"தெரியல."

"தெரியலயா? கால் உன்னுதுதான? யாராவது எடுத்து வெச்சாங்களா?"

"வெக்கணும்னு நெனக்கல. அவங்களுக்கு அடி படணும்னும் நெனக்கல. ஆனா... அவங்கதான்னு தெரியாம வெச்சேன்னு சொல்ல முடியல. தெரியும். தெரிஞ்சுதான் கால் போச்சு."

"கேட்டியாம்மா?" என்றான் அண்ணன். "உன் பொண்ணு சொல்றதக் கேட்டியா? அன்னைக்குத் தேர்வுல விட்டதுக்கு இன்னைக்கு வசூல் பண்ணிட்டா."

"வாய அளந்து பேசுடா" என்றாள் அம்மா.

"அண்ணிதான் என்னை ஒழுங்கா ஆடச் சொன்னாங்க!"

"காலை உடைக்கச் சொன்னாளா?"

அன்றிலிருந்து அண்ணன் தங்கையோடு பேசுவதை நிறுத்தினான். அவள் குளியலறையில் இருந்தால் கதவைத் தட்ட மாட்டான், அம்மாவைக் கூப்பிட்டு, "உள்ள யாரு?" என்பான். ஒரே கூரைக்கு அடியில் பேசாமல் இருப்பதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும். அவனுக்கு அது அமோகமாக வந்தது.

அண்ணி பேசாமல் இருக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "தண்ணி குடு", "ஃபேனக் கொற", "அந்தத் தலகாணி". வேலைக்காரியிடம் சொல்வதுபோல் இல்லை, நாத்தனாரிடம் சொல்வதுபோலவும் இல்லை. எதிர் அணிக்காரியிடம் பந்தைக் கேட்பதுபோல் இருந்தது. சுவர் கொண்டுவந்து கொடுத்தாள். கழிப்பறைவரை தோளில் தாங்கிக் கூட்டிப்போனாள். கிடங்கிலிருந்து வந்ததும் பின்பக்கம் போய் நிற்பதை விட்டுவிட்டாள். அண்ணியின் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்தது.

ஒருநாள் பகலில் அண்ணியின் கைப்பேசி அடித்தது. அம்மா அதே அறையில் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும்தான்.

"நல்லா இருக்கேன் சார்... இல்ல, ஊன்றுகோல் வெச்சு நடக்குறேன்... சட்டையா? குடுத்துடுங்க சார், அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. சின்னதாத்தான் இருக்கும் அவளுக்கு... யாரு?... ஆமா சார். நாத்தனார்தான்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆமா, தடுக்க அவளமாதிரி ஆள் கெடயாது... இல்ல சார், நான் ஏன் தப்பா நெனக்கப் போறேன்... தெரியும் சார், தடுக்க ஆள் வேணும்... கால வெக்கிறது மட்டும்தான். அதுவும் ஒங்க தரையில ரெண்டு வாரம் ஆடுனா மாறிடும்... சொல்றேன். நானே சொல்றேன் சார்."

கைப்பேசியைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்தாள். அம்மா ஒரு சட்டையின் காலரை எடுத்து நீவினாள்.

"சொல்லப் போறியா?"

"எத?"

"எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?"

"நீங்க சொல்லாதீங்க அத்தை."

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு ஒருத்தி வயித்துல பொறந்தவ, ஒருத்தி வீட்டுக்கு வந்தவ. எந்தப் பக்கம் சாஞ்சாலும் எனக்குத்தான் ஃபவுலு."

அண்ணி அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அம்மா இருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டாள். கோச்சு இன்னொரு முறை அழைத்தார், அண்ணி எடுக்கவில்லை.

விடுமுறை நாள் பிற்பகல். அண்ணன் யாரோ ஒருவரின் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதென்று போயிருந்தான். அண்ணி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தானாகவே பின்பக்கம் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நீட்டினாள்.

"ஏய் சுவரு. பந்த எடுத்துட்டு வா."

அவள் கதவருகில் நின்றாள்.

"வேணாம் அண்ணி."

"எடுத்துட்டு வான்னா வா."

கொண்டுவந்தாள். காற்று இறங்கிப்போயிருந்தது. தரையில் தட்டினால் பாதிதான் எழும்பியது.

"போடு பாக்கலாம்."

"எனக்குத்தான் போட வராதே."

"வராதுன்னு தெரியும். எழும்பு, அது போதும். இங்க நின்னு. கிட்ட வா. இன்னும்."

நாற்காலிக்கு ஓரடி தள்ளிச் சுவர் நின்றாள். வளையத்தைப் பார்த்தாள். எழும்பினாள்.

மேலே இருந்தபோதுதான் பார்த்தாள். ஊன்றுகோலின் ரப்பர் நுனி தரையோடு தரையாக நகர்ந்து, அவள் கால் இறங்கப்போகும் இடத்துக்குக் கீழே வந்திருந்தது. கத்த நேரமில்லை. காலை மாற்ற நேரமில்லை. எறிந்துவிட்ட கையில் பந்துகூட இல்லை, பிடித்துக்கொள்ள. அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைத்தான் பார்த்தாள்.

ஊன்றுகோல் விலகியது. பாதம் சிமெண்டில் இறங்கியது. அது விலகும்போது குதிகாலில் உரசியதும் தெரிந்தது.

சுவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"வேணும்னே வெச்சீங்களா?" என்றாள்.

அண்ணி ஊன்றுகோலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஓடி வந்தவளைப்போல.

"தெரியல" என்றாள்.

பந்து மதில் ஓரமாகப் போய் நின்றிருந்தது.

"கோல எடுக்கணும்னு நெனச்சீங்களா?"

"மொதல்ல நெனக்கல. அப்புறம் எடுத்தேன். நடுவுல என்ன நெனச்சேன்னு கேட்டா சொல்ல வரல." ஊன்றுகோலின் ரப்பரைத் திருகினாள். "உன்னை என்ன கேக்குறது இனிமே. உங்கண்ணன் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்."

"அண்ணி..."

"கிளப்புல இருந்து போன் வந்துச்சு. உனக்கு."

சுவர் நிமிர்ந்தாள்.

"தடுக்க ஆள் வேணுமாம். அன்னைக்கு ஆட்டத்தப் பாத்துட்டு, என்னைப் பாக்க வந்த மனுசன் உன்னைப் பாத்துட்டுப் போயிருக்காரு. கால் பழக்கத்த மட்டும் மாத்தணுமாம்."

"நான் போக மாட்டேன்."

"போவ."

"உங்க காலை ஒடச்சுட்டு அந்த எடத்துலயே போய் நிக்கச் சொல்றீங்களா?"

"என் எடம் இல்ல அது. என் எடத்துக்கு வேற ஒருத்தி வந்துட்டா. நீ நிக்கப் போறது பக்கத்துல."

"மாட்டேன் அண்ணி. எப்படி அண்ணி?"

"கேட்டுக்க." அண்ணியின் குரல் ஏறவில்லை. "உன்னை மன்னிச்சு அனுப்பறேன்னு நெனச்சுக்காத. அவ்ளோ பெரிய மனசு எனக்கு இல்ல. நீ காலைல எந்திரிச்சு ஷூவ மாட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து போறது எனக்குக் கேக்குது. சாயங்காலம் அதே சத்தம் திரும்பி வருது. அதக் கேட்டுக்கிட்டு இந்த வீட்டுல என்னால படுத்துக் கெடக்க முடியல. கிளப்புல தங்க ரூம் குடுப்பாங்க. போ. அங்க போயி ஆடு. நல்லா ஆடு, இல்ல நாசமாப் போ. ஆனா இங்க நடக்காத."

"அம்மா?"

"அத்தைக்குத் தெரியும்."

சமையலறைக்குள் ஒரு பாத்திரம் வைக்கப்படும் சத்தம் கேட்டது. வைத்தவள் அதன்பிறகு அசையவில்லை.

சுவர் எழுந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போய்ப் பந்தை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி அங்கேயே வைத்தாள்.

"உள்ள போகணும்" என்றாள் அண்ணி. "தோளைக் குடு."

கொடுத்தாள். அண்ணி ஒரு கையால் ஊன்றுகோலையும் ஒரு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழு பாரத்தையும் போட்டாள், இரக்கமே இல்லாமல். ஒரு எட்டு வைத்தார்கள். இன்னொரு எட்டு.

"தள்ளி" என்றாள் அண்ணி.

"ம்?"

"கால கொஞ்சம் தள்ளி வையி. நான் எங்க வெக்கிறது?"

சுவர் தன் பாதத்தைப் பார்த்து, தள்ளி வைத்தாள். அப்புறம் வாசற்படிவரை ஒவ்வொரு எட்டுக்கும் பார்த்துப் பார்த்துத் தள்ளி வைத்தாள்.